1:16 அளவில் ஹைட்ராலிக் மல்டி ஆக்சில் டிரெய்லர்: எல்லாச் சக்கரமும் சுமை தாங்குமா?

பதிவு 1 | அச்சுவரிசை | அல்சூர்

அனைவருக்கும் வணக்கம். வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டியெடுத்த பெருமாள் சிலைக்கான கல், 2018 டிசம்பரில் புறப்பட்டு, வழியில் பல இடங்களில் வாரக்கணக்கில் நின்று, 2019இல் ஓசூர் வழியாகப் பெங்களூரு ஈஜிபுராவுக்கு வந்து சேர்ந்தது இங்கே பலருக்கும் நினைவிருக்கும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கல்லைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் குனிந்து அடியில் இருந்த டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் 240 டயர்கள். சாலையில் ஒரு பள்ளம் வந்தபோது அதற்கு நேராக இருந்த நான்கு டயர்கள் மட்டும் தாமாகவே கீழே இறங்கிப் பள்ளத்தைத் தொட்டுவிட்டு மறுபடி மேலே ஏறின. மேடையோ அசையவே இல்லை. அந்தக் காட்சிதான் இந்த வேலைக்கு என்னை இழுத்துவந்தது.

1:16 அளவில் ஆறு ஆக்சில் வரிசை கொண்ட ஒரு டிரெய்லர் செய்கிறேன். உண்மையான டிரெய்லர் 3 மீட்டர் அகலம், வரிசைக்கு வரிசை 1.5 மீட்டர் இடைவெளி என்று எடுத்துக்கொண்டால், மாடல் 187 மி.மீ. அகலமும் 562 மி.மீ. நீளமும் வருகிறது. ஒரு வரிசைக்கு இரண்டு ஊசல் ஆக்சில் (ஆடும் கையில் தொங்கும் சக்கரத்தொகுதி), ஒவ்வொன்றிலும் நான்கு டயரும் சுமை தாங்கும் ஓர் எண்ணெய்ச் சிலிண்டரும் என, ஆக மொத்தம் 12 சிலிண்டர், 48 டயர். ஒரு டயரின் விட்டம் 48 மி.மீ. அந்த அளவில் கடையில் எதுவும் கிடைக்காததால் சிலிகோன் அச்சு எடுத்துப் பாலியூரித்தேன் வார்த்துக்கொண்டேன். 48 டயர் வார்ப்பது மூன்று வார வேலை, அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

எடைதான் சுவாரசியமானது. நீளம் 16இல் ஒரு பங்கானால் எடை 16இன் மும்மடியால், அதாவது 4096ஆல் குறைய வேண்டும். நம் நாட்டு விதிப்படி இத்தகைய டிரெய்லரில் எட்டு டயர் கொண்ட ஒரு வரிசைக்கு 18 டன் வரை அனுமதி. ஆறு வரிசைக்கு 108 டன். அதை 4096ஆல் வகுத்தால் 26.4 கிலோ. ஜிகணியில் கிரானைட் அறுக்கும் இடத்தில் 30 × 16 × 15.4 செ.மீ. அளவில் ஒரு துண்டு வாங்கினேன், 20 கிலோ இருக்கிறது. டிரெய்லரின் எடை 6.4 கிலோவில் முடிய வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு ஆக்சிலும் 2.2 கிலோ தாங்க வேண்டும்.

முதலில் இரண்டு வரிசை மட்டும் சோதனைக்காகச் செய்து, சிலிண்டருக்குப் பதிலாக மருந்துக்கடை 10 மி.லி. சிரிஞ்சுகளை வைத்து, நான்கையும் ஒரே குழாயில் இணைத்து, அதற்கேற்ற எடையை ஏற்றினேன். ஓடுகிறது. ஆனால் ஒரு ஆக்சிலுக்கு அடியில் சமையல் தராசையும், மற்ற மூன்றுக்கும் தராசின் உயரத்துக்குச் சமமான பலகைகளையும் வைத்துப் பார்த்தபோது 2.2 காட்ட வேண்டிய இடத்தில் ஒருமுறை 3.0 காட்டுகிறது, இன்னொருமுறை 1.4 காட்டுகிறது. எண்ணெய் ஒன்றோடொன்று கலக்கிற குழாயில் அழுத்தம் எங்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? எங்கே தவறு செய்கிறேன் என்று புரியவில்லை.


பதிவு 2 | கடைசல்பட்டறை | பீன்யா

நண்பரே, எண்ணெயின் அழுத்தம் ஒன்றாகத்தான் இருக்கிறது. அந்த அழுத்தம் முழுதாகச் சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் நடுவில் சிரிஞ்சின் ரப்பர் பிடித்துக்கொள்கிறது. இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். சக்கரத்தைக் கீழேயிருந்து மேலே ஏற்றித் தராசில் வைத்தால் ரப்பரின் பிடிப்பு சுமையோடு சேர்ந்துகொள்ளும், அதனால் கூடுதலாகக் காட்டும்; மேலேயிருந்து இறக்கி வைத்தால் அதே பிடிப்பு எதிர்ப்பக்கம் நிற்கும், அதனால் குறைவாகக் காட்டும். உங்கள் 3.0, 1.4 இரண்டும் அப்படி வந்தவையா என்று பாருங்கள். அப்படியென்றால் வித்தியாசத்தில் பாதி, 0.8 கிலோ, முழுக்க முழுக்க உராய்வு.

பெரிய வண்டியில் சீலின் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையத்தின்) உராய்வு சுமையோடு ஒப்பிட்டால் கால்தூசு. சிறியதாக்கும்போது சுமை மும்மடியில் குறைகிறது, சீல் அப்படிக் குறைவதில்லை. எங்கள் பட்டறைக்கு மாடல் செய்யும் பிள்ளைகள் கொண்டுவரும் வரைபடங்களில் பாதி இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. பித்தளையில் 8 மி.மீ. துளை போட்டு ரீமர் விட்டு மழமழப்பாக்கி, ஸ்டீல் பிஸ்டனில் ஒரே ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போடுங்கள். ரிங் உட்காரும் காடி மிக ஆழமாக இருந்தால் கசியும், ஆழம் குறைந்தால் ரிங் நசுங்கி மறுபடி பிடிக்கும்; பத்து முதல் பதினைந்து சதவீத நசுக்கலே போதும். இரண்டு ரிங் போட்டால் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம், உராய்வு இரட்டிப்பாகும்.


பதிவு 3 | அச்சுவரிசை | அல்சூர்

நீங்கள் சொன்னது அப்படியே சரி. ஏற்றி வைத்தால் 3.0, இறக்கி வைத்தால் 1.4, பத்து முறை செய்தும் மாறவில்லை. சிரிஞ்சுகளைக் கழற்றிவிட்டேன்.

8 மி.மீ. துளைக்குக் கணக்குப் போட்டேன், யாராவது சரிபார்க்க வேண்டுகிறேன். ஊசல் கையின் அச்சாணியிலிருந்து சக்கரம் 30 மி.மீ., சிலிண்டர் முனை 20 மி.மீ.; ஆகவே சிலிண்டரில் ஒன்றரை மடங்கு விசை. 2.2 கிலோவுக்கு 32 நியூட்டன் வருகிறது. அதைத் துளையின் பரப்பான 50 சதுர மி.மீ.யால் வகுத்தால் ஏறத்தாழ 6.4 பார் அழுத்தம். பெரிய வண்டியில் நூறு, இருநூறு பார் என்று பேசுவதைக் கேட்டுவிட்டு நான் பயந்துகொண்டிருந்தேன். எடை மும்மடியிலும் பரப்பு இருமடியிலும் குறைவதால் அழுத்தம் 16இல் ஒரு பங்காகிவிடுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு எண்ணும் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. சக்கரம் 37 மி.மீ. மேலும் கீழும் போகச் சிலிண்டரில் 25 மி.மீ. ஓட்டம் போதும். அதற்கு வேண்டிய எண்ணெய் ஒரு சிலிண்டருக்கு 1.26 மி.லி.; பன்னிரண்டுக்கும் சேர்த்து 15 மி.லி. இந்த டிரெய்லரின் முழு சஸ்பென்ஷனும் இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் அடங்கிவிடும்.


பதிவு 4 | பழையபுல்லர் | கே.ஆர். புரம்

தம்பி, முப்பது ஆண்டுகள் ஓடிசி (அளவு மீறிய சரக்கு) லோடு மேற்பார்வையில் இருந்தவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல ஆசைப்படுகிறேன். திருவெறும்பூரிலிருந்து பாய்லர் டிரம் ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறேன், அதனால் இந்த வண்டியின் குணம் கொஞ்சம் தெரியும்.

பன்னிரண்டு சிலிண்டரையும் ஒரே குழாயில் இணைத்துவிடாதீர்கள். அப்படி இணைத்தால் சுமை எல்லாவற்றிலும் சமமாகத்தான் இருக்கும், ஆனால் மேடை நிற்காது; ஒரு பக்கம் சற்றே சரிந்தால் அந்தப் பக்கத்து எண்ணெய் மறுபக்கம் ஓடி இன்னும் சரியும், எண்ணெய் மேல் மிதக்கிற பலகை போலத்தான். நாங்கள் வால்வுகளைத் திறந்தும் மூடியும் ஆக்சில்களை மூன்று குழுவாகப் பிரிப்போம். முன்னால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு குழு, பின்னால் இடது ஒன்று, வலது ஒன்று. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் எண்ணெய் தாராளமாக ஓடும், குழுவுக்குக் குழு ஓடாது. முக்காலி எப்படிப்பட்ட தரையிலும் ஆடாமல் நிற்கிறதல்லவா, அதே கதைதான். ஆறு வரிசையில் முன் இரண்டு வரிசையை ஒரு குழுவாக்கினால் நான்கு சிலிண்டர், பின் நான்கு வரிசையில் இடது நான்கு, வலது நான்கு. மூன்று குழுவும் சமம், சுமையின் மையம் மேடையின் நட்டநடுவில் விழும்.

நான்கு குழுவாகப் பிரிப்பதும் உண்டு. உயரமான சுமை என்றால் பக்கவாட்டில் அது கூடுதல் தெம்பு கொடுக்கும். ஆனால் மேடு பள்ளத்தில் மேடை முறுக்கிக்கொள்ளும், சட்டத்தில் விரிசல் வரும் சத்தத்தை இரவில் கேட்டவன் நான். எதைப் பிரிக்கிறோம் என்பதைச் சுமையைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

மோட்டாரும் ரிமோட்டும் பிறகு வரட்டும். முதலில் மூன்று குழுவுக்கும் மூன்று பிரஷர் கேஜ் வையுங்கள். ஓட்டுகிறபோது நான் சாலையைப் பார்த்ததைவிட அந்த முட்களைப் பார்த்ததுதான் அதிகம்.


பதிவு 5 | மட்டக்குமிழ் | எலக்ட்ரானிக் சிட்டி

கட்டுப்பாட்டுப் பொறியியல் துறையில் வேலை செய்கிறேன், ஆகவே கொஞ்சம் எதிர்க்கட்சியாக வருகிறேன். இந்த அளவில் எண்ணெயை ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? ஒவ்வொரு ஆக்சிலிலும் ஒரு சிறிய செர்வோ மோட்டாரும் எடை உணரியும் வைத்து, ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகை ஒன்றில் பன்னிரண்டு அளவீடுகளையும் படித்து, எது குறைவாகத் தாங்குகிறதோ அதை இறக்கினால் உராய்வுப் பிரச்சினையே இருக்காது. குழுக்களை மாற்றுவதும் மென்பொருளில் ஒரு வரி.


பதிவு 6 | கடைசல்பட்டறை | பீன்யா

மேடம், கியர் உள்ள செர்வோவில் உராய்வு இல்லை என்று யார் சொன்னார்கள்? பன்னிரண்டு செர்வோவும் சுமை தாங்கியபடியே நாள் முழுவதும் முனகிக்கொண்டிருக்கும், கரண்ட் போனால் மேடை தொப்பென்று விழும். மேலும் அது பெரிய வண்டியின் மாடலாக இருக்காது, பெரிய வண்டியைப் போல நடிக்கும் பொம்மையாகத்தான் இருக்கும்.


பதிவு 7 | பழையபுல்லர் | கே.ஆர். புரம்

பொம்மை என்று சொல்வது கொஞ்சம் அதிகம். அம்மா சொல்கிற முறையில் எங்கள் தொழிலிலேயே பாதி இப்போது வந்துவிட்டது; தானாக ஓடும் எஸ்.பி.எம்.டி. வண்டிகளில் ஒவ்வொரு சக்கரத்தொகுதியையும் கணினிதான் திருப்புகிறது. ஆனால் அங்கேயும் சுமையைப் பங்கிடுவது எண்ணெய்தான், திருப்புவதை மட்டுமே கணினியிடம் விட்டிருக்கிறார்கள்.


பதிவு 8 | மட்டக்குமிழ் | எலக்ட்ரானிக் சிட்டி

ஐயா சொன்ன ஒரு வாக்கியம் இரவெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்பியிருக்கிறேன் என்று தோன்றுகிறது. ஒரு குழுவுக்குள் சுமையைச் சமப்படுத்துவது ஒரு வேலை, மேடையை மட்டமாக வைப்பது இன்னொரு வேலை.

இந்தப் பிரிப்பு மிகத் தெளிவாகத் தெரிவது ராக்கெட்டை ஏவுமேடைக்குச் சுமந்துசெல்லும் நாசாவின் கிராலர் டிரான்ஸ்போர்ட்டரில். 1965இல் கட்டிய இரண்டு வண்டிகளும் இன்றும் புளோரிடாவில் இருக்கின்றன. ஏறத்தாழ 40 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். மூலைக்கு இரண்டாக எட்டு சங்கிலித்தடங்கள், ஒவ்வொரு தடத்திலும் காலணி எனப்படும் 57 தகடுகள். ஏவுமேடைக்கு ஏறும் பாதை ஐந்து சதவீதச் சரிவு. அந்தச் சரிவில் ஏறும்போதும் நிற்கும் ராக்கெட்டை ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்குக்குள் செங்குத்தாக வைத்திருக்க வேண்டும். அங்கே பளுதூக்கிகளின் அமைப்புக்கு வைத்திருக்கும் பெயரிலேயே தூக்குதல், சமப்படுத்தல், மட்டப்படுத்தல் என்று மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன.

ஆகவே என் யோசனையை இப்படித் திருத்திக்கொள்கிறேன். குழுவுக்குள் எண்ணெய் தன் போக்கில் ஓடட்டும். மூன்று குழுவுக்கும் மூன்று சிறிய திருகு பம்பு வைப்போம், 16 மி.மீ. பிஸ்டன் 25 மி.மீ. நகர்ந்தால் 5 மி.லி. வரும், அது ஒரு குழுவின் நான்கு சிலிண்டருக்கும் சரியாகப் போதும். மேடையின் நடுவில் ஒரு சாய்வு உணரி. அது சொல்கிறபடி ஸ்டெப்பர் மோட்டார்கள் மூன்று திருகுகளையும் மெதுவாகச் சுழற்றும். மின்சாரம் போனால் திருகு பூட்டிக்கொள்ளும், மேடை விழாது.


பதிவு 9 | ரயில்பிரியன் | மல்லேஸ்வரம்

அந்தக் கிராலரையே 1:16இல் செய்தால் என்ன? டிரெய்லரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?


பதிவு 10 | அச்சுவரிசை | அல்சூர்

இரண்டரை மீட்டர் நீளமும் இரண்டு மீட்டருக்கு மேல் அகலமும் வரும் நண்பரே. உண்மையான எடையை 4096ஆல் வகுத்தால் அறுநூறு கிலோவைத் தாண்டும். அல்சூரில் வாடகை வீட்டின் முதல் மாடியில் அதை வைத்தால் வீட்டுக்காரர் என்னையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடுவார்.

மேடத்தின் திருகு பம்பு யோசனையை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது முன்னேற்றம். பன்னிரண்டு பித்தளைச் சிலிண்டர்களையும் பீன்யா நண்பரே கடைந்து கொடுத்தார், நன்றி. ஓ-ரிங் போட்டதும் ஏற்றி வைத்தால் 2.5, இறக்கி வைத்தால் 1.9, உராய்வு 0.3 கிலோவுக்கு இறங்கியது. ஆனால் வேறொரு சிக்கல் வந்தது. பெரிய வண்டி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் போகிறது என்றால் மாடல் நொடிக்கு 87 மி.மீ. போக வேண்டும். வரிசை இடைவெளி 94 மி.மீ.; ஆகவே ஏறத்தாழ நொடிக்கு ஒரு ஆக்சில் அதே மேட்டில் ஏறி இறங்குகிறது. அதற்குள் எண்ணெய் ஒரு சிலிண்டரிலிருந்து மற்ற மூன்றுக்கும் ஓடிவிட வேண்டும். என் மாடலில் ஓடவில்லை. மேட்டில் ஏறியதும் மேடை தூக்கிப்போட்டு, பிறகு நிதானமாக அமர்கிறது. கெட்டியான ஹைட்ராலிக் எண்ணெயும் 1 மி.மீ. உள்விட்டக் குழாயும் பயன்படுத்தியிருக்கிறேன்.


பதிவு 11 | மட்டக்குமிழ் | எலக்ட்ரானிக் சிட்டி

குழாய்தான் குற்றவாளி. மெல்லிய குழாயில் தடை விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறுகிறது. 1 மி.மீ. குழாயை 2 மி.மீ. ஆக்கினால் தடை 16இல் ஒரு பங்காகிவிடும். எண்ணெயையும் தையல் மிஷின் எண்ணெய் போல இலகுவானதாக மாற்றுங்கள். குழாய் பெருத்தால் காற்றுக்குமிழி தங்கவும் இடம் பெருகும், அதை மறக்க வேண்டாம். பெரிய வண்டியில் ஒரு சொட்டுக் காற்று யாருக்கும் தெரியாது, 1.26 மி.லி. சிலிண்டரில் 0.2 மி.லி. காற்று என்பது ஸ்பிரிங் வைத்ததற்குச் சமம்.


பதிவு 12 | கடைசல்பட்டறை | பீன்யா

ஓ-ரிங்கையும் எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அழுத்தம் வெறும் 6 பார். பிஸ்டனைத் துளையோடு சேர்த்து மெழுகுபோல லாப்பிங் செய்து (நுண்பசை தடவித் தேய்த்துப் பொருத்தி), எண்ணெய் தேங்க மூன்று மெல்லிய வரிக்காடிகள் மட்டும் போட்டால் சீலே வேண்டாம். கொஞ்சம் கசியும். அந்தக் கசிவைத் திருகு பம்பு ஈடுகட்டிக்கொள்ளுமே. ஒவ்வொரு பிஸ்டனும் அதன் துளைக்கு மட்டுமே பொருந்தும், ஆகவே எண் குத்தி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை காலியாக இருக்கும், வாருங்கள்.


பதிவு 13 | அச்சுவரிசை | அல்சூர்

ஞாயிறு முழுவதும் பீன்யாவில் கழிந்தது. லாப்பிங் பேஸ்ட்டில் பிஸ்டனைச் சுழற்றிச் சுழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துளையின் ஒரு வாயை விரலால் மூடிப் பிஸ்டனை இழுத்துவிட்டால் அது தானாகவே 'ப்ளக்' என்று உள்ளே ஓடும் வரை ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம் ஆனது. ஏழாவது பிஸ்டனில் அவசரப்பட்டு அதிகம் தேய்த்துவிட்டேன். அதற்கு மட்டும் புதுப் பிஸ்டன்.

பலன் இதுதான்: ஏற்றி வைத்தால் 2.27, இறக்கி வைத்தால் 2.13. பன்னிரண்டு ஆக்சிலையும் தராசில் வைத்துப் பார்த்தேன், மிகக் குறைந்தது 2.0, மிக அதிகம் 2.35. இரவு ஏற்றி வைத்த மேடை காலையில் 3 மி.மீ. இறங்கியிருந்தது, தரை விரிப்பில் எண்ணெய் வட்டம் விழுந்ததால் வீட்டில் எனக்கும் அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது.


பதிவு 14 | பழையபுல்லர் | கே.ஆர். புரம்

இரவில் இறங்குவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். லோடோடு நிறுத்தினால் நாங்களும் எண்ணெயை நம்பித் தூங்கப் போவதில்லை, மேடைக்கு அடியில் கட்டை அடுக்கிவிட்டுத்தான் போவோம். நீங்களும் நான்கு மரக்கட்டை செய்து வையுங்கள், பார்ப்பதற்கும் லட்சணமாக இருக்கும்.

திருப்பத்துக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று சொல்லவே இல்லையே? ஆறு வரிசையும் ஒரே கோணத்தில் திரும்பினால் டயர் தேய்ந்து கிழியும்.


பதிவு 15 | அச்சுவரிசை | அல்சூர்

திருப்பத்தில் நான் மின்னணுவை நாடவில்லை ஐயா, இழுவைக்கம்பியே சுழல்மேடையைத் திருப்பி, இணைப்புக் கம்பிகள் வழியாக எல்லா வரிசையையும் திருப்புகிறது. மேடையின் நடுக்கோட்டைத் திரும்பும் மையமாக வைத்து, முன் மூன்று வரிசை ஒருபக்கமும் பின் மூன்று வரிசை எதிர்ப்பக்கமும் திரும்புகின்றன. நடுவிலிருந்து வரிசைகளின் தூரம் 47, 141, 234 மி.மீ.; ஒரு மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது அவை முறையே 2.7, 8, 13.2 பாகை திரும்ப வேண்டும். நெம்புத்தகடுகளில் துளைகளை வெவ்வேறு தூரத்தில் போட்டு இதைக் கொண்டுவந்துவிட்டேன். கடைசி வரிசையில் உள்பக்க ஆக்சில் 13.9, வெளிப்பக்க ஆக்சில் 12.5 என்று மேலும் ஒரு வித்தியாசம் வேண்டும். அதற்காகக் கம்பிகளைச் சற்றே உள்நோக்கிச் சாய்த்தேன். மாவு தூவிய தரையில் இழுத்துப் பார்த்தேன், டயர்த்தடம் வழுக்காமல் விழுகிறது.

அதைவிடப் பெரிய சோதனை சாய்வுதான். கிரானைட்டை நிமிர்த்தி நிற்க வைத்து, சாய்வுப் பலகையில் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்தேன். மூன்று குழு அமைப்பில் சுமையின் மையம் தரையிலிருந்து 185 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு மையத்திலிருந்து 37 மி.மீ. தூரமே, ஆகவே 11 பாகையில் கவிழ வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. கல்லோ 9 பாகையிலேயே கிளம்பிவிட்டது. பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருந்தேன், இல்லாவிட்டால் கால்விரல் போயிருக்கும். டயரின் மென்மையும் சட்டத்தின் முறுக்கும் சேர்ந்து மையத்தைச் சரிவுப்பக்கம் தள்ளியிருக்கின்றன என்று நினைக்கிறேன். நான்கு குழுவாக மாற்றியபோது கணக்கு 17 பாகை கொடுத்தது. நான் 12இல் நிறுத்திக்கொண்டேன், துணிச்சல் அவ்வளவுதான்.


பதிவு 16 | பழையபுல்லர் | கே.ஆர். புரம்

அதுதான் சரி. கணக்கில் வரும் கோணத்தில் பாதியைக்கூட நாங்கள் சாலையில் தொட்டதில்லை. அந்தச் சிலைக்கல்லை ஓசூர்ப் பக்கம் பாலத்தில் ஏற்றாமல் தென்பெண்ணையில் தற்காலிக மண்பாதை போட்டுக் கடத்தியதைப் பலர் கேலி பேசினார்கள். கனத்தைக் கையாண்டவன் யாரும் கேலி பேசியிருக்க மாட்டான்.

இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வழியில் டயர் வெடித்தால் நாங்கள் வண்டியை நிறுத்தி, அந்த ஆக்சிலின் வால்வை மூடி, எண்ணெயை வடித்து ஆக்சிலைத் தூக்கிக் கட்டிவிட்டு, மிச்சத்தோடு அடுத்த ஊர் வரை போய்விடுவோம். உங்கள் வண்டி அப்படிப் போகுமா? ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வால்வு வைத்திருக்கிறீர்களா?


பதிவு 17 | அச்சுவரிசை | அல்சூர்

வைக்கவில்லை. எஸ்.பி. ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கி, சிறிய பித்தளை ஊசி வால்வுகள் பன்னிரண்டு வாங்கிவந்தேன். பொருத்திக் காற்று வெளியேற்றவே இரண்டு மாலை ஆகிவிட்டது.

கல்லைப் படுக்க வைத்து, மறுபடி மூன்று குழுவாக்கி, பின் இடது குழுவின் கடைசி ஆக்சிலை மூடித் தூக்கிக் கட்டினேன். நான்கில் ஒன்று போனால் மிச்சம் மூன்று அந்தச் சுமையைத் தாங்க வேண்டும், 6.4 பார் 8.5 ஆகும் என்று எதிர்பார்த்தேன். கேஜ் 9.2 காட்டியது. வலது 7க்கு ஏறியிருந்தது, முன்பக்கம் 5.2க்கு இறங்கியிருந்தது. கசிவோ என்று அரைமணி நேரம் தேடிவிட்டு இங்கே கேட்கிறேன்.


பதிவு 18 | மட்டக்குமிழ் | எலக்ட்ரானிக் சிட்டி

கசிவு இல்லை, கேஜ் சரியாகத்தான் சொல்கிறது. கடைசி ஆக்சிலை எடுத்ததும் இடது குழுவின் மையம் அரை வரிசை முன்னால் நகர்ந்துவிட்டது. முக்காலியின் ஒரு கால் சுமைக்கு அருகில் வந்தால் பின்கால்கள் இரண்டும் கூடுதலாகவும் முன்கால் குறைவாகவும் தாங்கும். நெம்பு விதியைப் போட்டுப் பார்த்தேன்: இடது 9.3, வலது 7, முன் 5.2. உங்கள் கேஜுகளை மெச்ச வேண்டும். அதே குழுவின் முதல் ஆக்சிலைத் தூக்கியிருந்தால் இடது 8ஐக்கூடத் தொட்டிருக்காது.


பதிவு 19 | பழையபுல்லர் | கே.ஆர். புரம்

கடைசி வரிசை டயர் போனால் முள் அதிகம் ஏறும் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று இத்தனை வருடம் கழித்து இன்றுதான் ஒருவர் சொல்லிக் கேட்கிறேன். ஓட்டிப் பார்த்தீர்களா தம்பி?


பதிவு 20 | அச்சுவரிசை | அல்சூர்

நேற்று மாலை மாடியிலிருந்து கீழே கொண்டுபோய், கேட்டிலிருந்து படிக்கட்டு வரை ஓட்டினேன் ஐயா. நடுவில் சாக்கடை மூடியின் விளிம்பு 6 மி.மீ. மேடு. பதினொரு ஆக்சில்களும் வரிசையாக அதில் ஏறி இறங்கின, மேடையில் வைத்த குமிழ்மட்டம் கோட்டுக்குள்ளேயே நின்றது. தூக்கிக் கட்டிய நான்கு டயர்கள் மட்டும் எதையும் தொடாமல், மூடியின் விளிம்புக்குச் சற்று மேலே தொங்கியபடி படிக்கட்டு வரை வந்து சேர்ந்தன.